ராணியின் செருப்புக்கு முத்து: பெரியதாழைக் கடற்கரையும் இரண்டாவது நாடு என்கிற பழைய கனவும்

(எபிசோடின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்றைக்கு ஒரு விளம்பரத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

இன்ஸ்டாவில் நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. கோட் சூட் போட்ட ஒருத்தர், பின்னாடி நீலக் கடல், ஓட்டு வீடுகள். "ஐந்து லட்சம் யூரோ முதலீடு செய்யுங்கள். உங்களுக்கும் குடும்பத்துக்கும் ஐரோப்பாவில் வசிக்கும் உரிமை. வருடத்துக்கு ஏழு நாள் அங்கே இருந்தால் போதும்." நாடு எது? போர்ச்சுகல். 2012-இல் அந்த நாடு ஆரம்பித்த திட்டம், பெயர் கோல்டன் விசா.

நம்மில் பெரும்பாலானவர்கள் அந்த ரீலை மேலே தள்ளிவிட்டுப் போயிடுவோம். கையில் ஐந்து லட்சம் யூரோ இல்லை, விஷயம் முடிஞ்சது. ஆனால் இதே போர்ச்சுகல், இதே மாதிரி ஒரு பேரத்தை, நம்ம ஊர்க் கடற்கரையில் ஒரு சமூகத்தோடு முடித்திருக்கிறது. இன்றைக்கு ஏறத்தாழ 490 வருடம் ஆகிறது. விலை யூரோவில் இல்லை. முத்தில்.

அந்தப் பேரத்தின் கதைதான் இந்த எபிசோட். ஒரு பணக்காரக் கூட்டம் தன்னுடைய பாதுகாப்புக்காக இரண்டாவது ராஜா ஒருத்தரைத் தேடிப் பிடிக்கிறது. என்ன கொடுத்தார்கள், என்ன கிடைத்தது, அந்த ராஜா தோற்றபோது என்ன ஆனது, அந்தக் கூட்டத்திலேயே காசில்லாதவர்களுக்கு என்ன கிடைத்தது? இந்த நாலு கேள்வியும் இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

தாழை மணக்கும் ஊர்

தூத்துக்குடியிலிருந்து தெற்கே வண்டி எடுங்க. திருச்செந்தூர் தாண்டி, குலசேகரன்பட்டினம் தாண்டி, மணப்பாடு தாண்டினால் பெரியதாழை வரும். தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கு ஓரம். அதற்கப்புறம் கூடுதாழை, உவரி என்று திருநெல்வேலி மாவட்டம் ஆரம்பித்துவிடும். பெரிய துறைமுகம் கிடையாது. கட்டுமரமும் வள்ளமும் ஃபைபர் படகும் நம்பி வாழ்கிற மீனவர் ஊர். கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்பதால், தூண்டில் வளைவு வேண்டும் என்று போராடிய ஊர்.

இந்த ஊர்ப் பெயர்ப் பட்டியலைப் பாருங்க: ஃபெர்னாண்டோ, பெரைரா, டி குரூஸ், கோமஸ், மிராண்டா, வாஸ், ரோச். பெரியதாழை மட்டுமல்ல, வேம்பாரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் பரதவர் ஊர்களில் இதுதான் நிலவரம். லிஸ்பன் தெருவில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படிப்பட்ட பெயர்கள். இந்தப் பெயர்கள் வந்த வழிதான் நம்ம கதை.

1530-கள்: முத்து இருக்கு, பாதுகாப்பு இல்லை

மன்னார் வளைகுடாவில் கடலுக்கு அடியில் சிப்பி படிந்த பாறைத் திட்டுகள் உண்டு. முத்துப்பார் என்பார்கள். பார்களில் சிப்பி முதிர்ந்துவிட்டது என்று தெரிந்தால் சலாபம் கூடும். முத்துக்குளிக்கும் பருவத்துக்கும், கரையில் கூடுகிற அந்தத் தற்காலிகச் சந்தைக்கும் சேர்த்தே சலாபம் என்று பெயர். குளிப்பவர் காலில் கல்லோடு கீழே போவார். கயிறு பிடிப்பவர் மேலே தோணியில் நிற்பார். மூச்சு இருக்கிற சில நொடியில் கைக்கு எட்டுகிற சிப்பியைக் கூடையில் வாரிப் போட வேண்டும். வரியும்கூடக் 'கல்' கணக்கில்தான். எத்தனை குளிகல் கடலில் இறங்குகிறதோ அதை வைத்து யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பார்கள்.

இந்த வருமானத்துக்குப் பங்கு கேட்டு நின்றவர்கள் பலர். மேற்கே வேணாட்டு ராஜா, அதாவது பின்னாளைய திருவிதாங்கூர். கயத்தாறு பக்கம் பாண்டிய வழியில் வந்த சிற்றரசர். வடக்கே விஜயநகரத்தின் படைகள். எந்த ஆட்சியும் நிலையாக இல்லை. ஆனால் வரி கேட்க மட்டும் எல்லோரும் வந்தார்கள். முத்துக்குளிப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்களில் காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வணிகர்கள் முக்கியமானவர்கள். அவர்களும் தலைமுறை தலைமுறையாக இந்தக் கடலை நம்பி வாழ்ந்த தமிழர்கள்தான். இரண்டு சமூகமும் ஒரே பாரில் குளித்தவர்கள்.

1530-களில் அந்த உறவு உடைந்தது. தூத்துக்குடியில் நடந்த ஒரு தகராறில் ஒரு பரதவரின் காது கடுக்கனோடு அறுபட்டது என்று கதை சொல்வார்கள். தீப்பொறி அதுவாகவே இருக்கட்டும், எரிந்தது வேறு: முத்துப்பார் யார் கையில் என்பது. பழிக்குப் பழி, வெட்டுக்குத்து என்று இரண்டு பக்கமும் உயிர் போனது. பரதவர் தலைவர்களுக்கு ஒரு கணக்கு தெளிவாகப் புரிந்தது. கையில் முத்து இருக்கு. அதைக் காப்பாற்ற ஒரு ராஜா இல்லை.

முதல் 'கன்சல்டன்ட்'

இன்றைக்குக் கோல்டன் விசா வாங்கணும்னா நீங்க நேரா அந்த நாட்டு அரசாங்கத்திடம் போக மாட்டீங்க. நடுவில் ஒரு ஏஜென்ட் இருப்பார். 1535-இலும் ஒருத்தர் இருந்தார். பெயர் ஜோவாவ் த குரூஸ். நம்ம ஊர் வாயில் ஜான் டி குரூஸ்.

இவர் போர்ச்சுகீசியர் இல்லை, மலபார்க்காரர். கோழிக்கோட்டு சாமூதிரி இவரைச் சின்ன வயதில், 1513-இல், லிஸ்பனுக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, போர்ச்சுகல் ராஜாவிடம் கிறிஸ்து சபை என்கிற வீரர் அமைப்பில் பட்டமும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். நம்ம பாஷையில் சொன்னால், இரண்டாவது குடியுரிமை வாங்கி வந்த ஆள். பிறகு வியாபாரத்தில் இறங்கினார், போர்ச்சுகீசிய அரசுக்கே கடன்பட்டார், கடைசியில் குதிரை வியாபாரியாகக் கன்னியாகுமரிப் பக்கம் வந்து சேர்ந்தார்.

அங்கேதான் பரதவர் தலைவர்களைச் சந்திக்கிறார். அவர் சொன்ன யோசனை இது: கொச்சிக்குப் போங்கள். போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்பு கேளுங்கள். அவர்கள் மதத்தில் சேர்ந்தால் அவர்கள் ராஜாவின் ஆட்களாக ஆகிவிடுவீர்கள். அதற்கப்புறம் உங்களைத் தொடுவது போர்ச்சுகலைத் தொடுவது மாதிரி.

இதில் அவருக்கும் லாபம் இருந்தது. இந்தக் கரை போர்ச்சுகீசியர் பக்கம் வந்தால் அவருடைய கடனும் வியாபாரமும் அரசின் கண்ணில் வேறு மாதிரி தெரியும். ஏஜென்ட் சொல்வது பொய்யாக இருக்கணும்னு அவசியமில்லை. ஆனால் அவர் கமிஷன் எங்கேயிருந்து வருது என்று கேட்பது நல்லது. 1535-க்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு சிறிய குழு கொச்சிக்குப் போனது, பின்னாலேயே இன்னும் பலர். கொச்சியில் இருந்த தலைமைக் குரு மிகுவேல் வாஸ் அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அடுத்த ஒன்றிரண்டு வருடத்துக்குள், 1537 வாக்கில், கடற்கரை ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்து முடிந்தது. அந்தக் காலப் பதிவுகள் சொல்கிற எண்ணிக்கை சுமார் 20,000. 1538-இல் போர்ச்சுகீசியத் தளபதி மார்ட்டிம் அஃபோன்சோ டி சௌசா, ராமநாதபுரம் கடற்கரையில் வேதாளை என்ற இடத்தில் கோழிக்கோட்டுக் கடற்படையைத் தோற்கடித்தார். அதோடு முத்துக்குளிப்பின் பிடி பரதவர் தலைவர்கள் பக்கம் வந்தது. பேரம் முடிந்தது.

ஒன்று கவனிங்க. கொச்சிக்குப் போய்ப் பேசி முடித்தது தலைவர்கள். மாறியது மொத்தக் கடற்கரை. பெரியதாழை மாதிரி ஒரு ஊரில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருத்தரிடம் யாரும் தனியாகக் கையெழுத்து கேட்கவில்லை. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது பார்த்ததும் இதைத்தான். நீங்கள் யார் என்று கேட்டால் கிறிஸ்தவர்கள் என்கிறார்கள். என்ன நம்புகிறீர்கள் என்றால் பதில் தெரியவில்லை என்று எழுதுகிறார். பாஸ்போர்ட் வந்துவிட்டது, அந்த நாட்டைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. அவரோ உள்ளூர் ஆட்களின் உதவியோடு ஜெபங்களைத் தமிழில் மாற்றி, கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். வெறும் பேரமாக ஆரம்பித்தது நம்பிக்கையாக வேர் பிடித்தது அதற்குப் பிறகுதான்.

வருடாந்திரக் கட்டணம்

இன்றைய திட்டங்களில் முதலீடு ஒரு பக்கம், புதுப்பிக்கிற கட்டணம் இன்னொரு பக்கம். அன்றைக்கும் அப்படித்தான். முத்துக்குளிப்பிலிருந்து போர்ச்சுகல் அரசுக்கு வருடா வருடம் பணம் போனது. அதில் ஒரு தலைப்பு கேட்டால் சிரிப்பு வரும்: ராணியின் செருப்புச் செலவு. நிஜமாகவே அப்படித்தான் பெயர். போர்ச்சுகல் ராணி கத்தரீனாவின் காலணிகளுக்கென்று இந்தக் கரையிலிருந்து 4,000 பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. இங்கே 'பணம்' என்பது அந்தக் காலத்துச் சின்ன தங்கக் காசின் பெயர்.

மூச்சடக்கி ஒருத்தர் கடலுக்குள் போகிறார். அவர் எடுத்த சிப்பியில் ஒரு பங்கு, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அவர் பார்க்கவே போகாத ஒரு ராணியின் செருப்பு ஆகிறது.

சவேரியார் ராணிக்கே எழுதிக் கேட்டார். இந்தக் கரையின் பிள்ளைகளைவிட உங்களைச் சொர்க்கத்துக்கு ஏற்றிவிட நல்ல செருப்பு எது என்கிற தோரணையில். ராணி விட்டுக்கொடுத்தார். அந்த 4,000 பணம் ஊர்களில் பாடம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களின் சம்பளமானது. இந்தக் கரையில் கொடுத்த கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கரைக்கே வந்த அபூர்வமான இடம் இது. அதுவும் ஒருத்தர் கேட்டதால் வந்தது. ஒப்பந்தத்தில் இருந்ததால் இல்லை.

பாதுகாவலர் எங்கே போனார்?

இப்போ அந்தப் பாஸ்போர்ட் வேலை செய்ததா என்று பார்க்கலாம்.

1544 ஜூன். வடக்கேயிருந்து வந்த விஜயநகரக் குதிரைப்படை, வடுகர் என்று இந்தக் கரை சொன்னவர்கள், கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களில் புகுந்தது. மக்கள் கிடைத்த படகில் ஏறிக் கடலுக்குள் இருந்த பாறைகளுக்கு ஓடினார்கள். அங்கே சோறு இல்லை, தண்ணி இல்லை. செய்தி மணப்பாட்டில் இருந்த சவேரியாருக்கு வந்தது. 20 தோணியில் உணவும் தண்ணியும் ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினார். பெரியதாழை வழியாகத்தான் அந்தப் பாதை. எதிர்க்காற்று. தோணிகளால் குமரி முனையை எட்ட முடியவில்லை. திரும்ப வேண்டியதாயிற்று. பாறையிலேயே பசியிலும் தாகத்திலும் செத்தவர்கள் உண்டு.

அப்போது போர்ச்சுகல் ராஜாவின் பிரதிநிதி எங்கே? கரையின் கேப்டன் கோஸ்மே டி பைவா தூத்துக்குடியில் இருந்தார். பாதுகாப்பதுதான் அவர் வேலை. அவர் கவனமோ குதிரை வியாபாரத்தில். இந்த மக்களுக்கு அச்சுறுத்தலாக இருந்த தரப்புக்கே குதிரை விற்றார் என்கிற குற்றச்சாட்டு அவர் மேல் உண்டு. சவேரியார் கடிதங்களில் அவரைப் பற்றிய ஆத்திரம் நன்றாகத் தெரியும். அதே வருடம் செப்டம்பரில் தூத்துக்குடி தாக்கப்பட்டபோது அந்தக் கேப்டனே வீட்டையும் கப்பலையும் தீக்குக் கொடுத்துவிட்டுத் தீவுக்கு ஓடித் தப்பினார்.

வேதாளையில் கோழிக்கோட்டுக் கடற்படையை அடித்த அதே போர்ச்சுகல்தான் இது. கடலில் அதன் பீரங்கி பேசும். கரையில் குதிரைப்படை வந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இரண்டாவது ராஜா பொய் இல்லை. ஆனால் அவருடைய கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை வாங்குகிறவர் முன்கூட்டியே பார்க்கவில்லை.

ஒரே பாஸ்போர்ட், இரண்டு வகுப்பு

சரி, லாபம் யாருக்குப் போனது?

இந்தக் கரையில் 'ஏழு கடற்துறை' என்று ஒரு கணக்கு உண்டு. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், ஆலந்தலை, மணப்பாடு. முத்து, சங்கு, தோணி வியாபாரம் எல்லாம் இந்தத் துறைகளைச் சுற்றி. பெரியதாழை அதில் இல்லை. மணப்பாட்டுக்கு அடுத்த ஊர்தான், ஆனாலும் பட்டியலுக்கு வெளியே.

ஊருக்கு ஊர் பட்டங்கட்டி என்கிற தலைவர், எல்லாருக்கும் மேலே ஜாதித் தலைவர். வரி வசூல், வழக்கு, ஐரோப்பியரோடு பேச்சு எல்லாம் இவர்கள் வழியாகத்தான். காலப்போக்கில் சமூகத்துக்குள்ளேயே மேசைக்காரர், கமாரக்காரர் என்று இரண்டு பிரிவு வந்தது. தோணியும் வியாபாரமும் வைத்திருந்தவர்கள் மேசைக்காரர். கடலில் இறங்கியவர்கள், மீன் பிடித்தவர்கள் கமாரக்காரர். பெயர் எல்லாருக்கும் ஃபெர்னாண்டோதான். ராஜாவும் ஒருத்தர்தான். ஆனால் ராஜாவின் பெயரைச் சொல்லி யாரால் வியாபாரம் பேச முடிந்ததோ அவர்களுக்கு அது சொத்தானது. மற்றவர்களுக்கு அது ஞானஸ்நானப் பெயராகவும் வரியாகவும் நின்றது.

1658: ராஜா மாறிய வருடம்

1658-இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். பிப்ரவரியில் தூத்துக்குடி விழுந்தது, பிறகு மன்னார், ஜூனில் யாழ்ப்பாணம். 120 வருடம் முத்து கொடுத்து வைத்திருந்த போர்ச்சுகல் பாதுகாப்பு சில மாதத்தில் காலி. லிஸ்பன் இவர்களைத் தேடி வரவில்லை.

டச்சுக்காரர் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை போட்டார்கள், தேவாலயத்தை எடுத்துக்கொண்டார்கள். படையோடு வந்த போதகர் பல்தேயுஸ் பரதவர்களைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தார், பலிக்கவில்லை. இந்த முறை ராஜா மாறினார், மக்கள் மாறவில்லை. டச்சுக்காரரும் போகப் போக ஜாதித் தலைவர் வழியாகவே கரையை நிர்வாகம் செய்ய ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் ஆட்சி நடக்கும்போதே, 1713-இல், தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்குத் தேவாலயம் எழுந்தது.

என்ன மிச்சம் பாருங்க. முத்து கொடுத்து வாங்கிய பாதுகாப்பு போய்விட்டது. தாங்களே கட்டிக்கொண்ட ஊர் அமைப்பு, கோயில், ஒருத்தருக்கொருத்தர் கடன் கொடுக்கிற நம்பிக்கை, அது நின்றது. அடுத்த ராஜாவிடம் பேசும்போது கையில் இருந்த சீட்டு அதுதான்.

கொழும்பு: இரண்டாவது வீடு

இந்தக் கரைக்கு நிஜமான இரண்டாவது வீடு ஒன்று உண்டு என்றால் அது லிஸ்பன் இல்லை, கொழும்பு. தூத்துக்குடித் தோணி ஏறினால் கொழும்பு. அரிசி, துணி, கருவாடு, ஓடு என்று சரக்கு போகும். பரதவர் குடும்பங்கள் அங்கே கடை போட்டன, வீடு வாங்கின, அப்படியே தங்கின. இலங்கையின் 2012 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பரதர் என்று தனி இனமாகவே ஒரு வரி இருக்கிறது. கடை அங்கே, குடும்பக் கல்லறை இங்கே என்று பல தலைமுறை ஓடியது. இரண்டு கரையும் ஒரே பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ். குடியுரிமை என்ற கேள்வியே எழவில்லை.

1948-இல் எழுந்தது. இலங்கை சுதந்திரம் பெற்ற அதே வருடம் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்தால் போதாது. அப்பா, அல்லது தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களாக ஆனார்கள்.

இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு. பொதுச் சேவையில் சிறந்தவர்கள், அல்லது தொழிலில், வணிகத்தில், விவசாயத்தில் பெயர் பெற்றவர்கள் என்றால் மந்திரி அவர்களைத் தனியாகப் பதிவு செய்யலாம். வருடத்துக்கு அதிகபட்சம் 25 பேர். அதாவது பெரிய வியாபாரிக்குத் தனி வாசல் இருந்தது. சின்ன வாசல்தான், ஆனால் இருந்தது. கொழுந்து பறித்தவருக்கு அந்த வாசல் கிடையாது.

அடுத்த வருடம், 1949-இல், இந்திய, பாகிஸ்தான் வசிப்பாளர்களுக்கென்று தனிச் சட்டம். 1946-க்கு முன்பு தொடர்ச்சியாக ஏழு வருடம், கல்யாணம் ஆகாதவர் என்றால் பத்து வருடம், இலங்கையில் இருந்திருக்க வேண்டும். போதிய வருமானம் இருப்பதைக் காட்ட வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம். 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் விண்ணப்பங்களில் இருந்தது. கிடைத்தது மிகச் சிறிய பங்குக்கு. ரசீது, வாடகைச் சீட்டு, கணக்குப் புத்தகம், வக்கீல் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வழி இருந்தது. லைன் வீட்டில் பிறந்து பதிவே இல்லாதவர்கள் எதைக் காட்டுவார்கள்?

மீதியை இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பிரித்தார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். அந்தக் கடைசிக் கணக்கு முழுசாகத் தீர 2003-இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது.

இன்றைக்கு இரண்டாவது குடியுரிமை என்றால் தீவு வில்லா ஞாபகம் வருது. நம்ம மொழி பேசுகிற லட்சக்கணக்கானவர்களுக்கு முதல் குடியுரிமையே 55 வருடப் போராட்டம்.

திரும்ப அந்த ரீலுக்கு

இப்போ விளம்பரத்துக்கு வருவோம். இதில் இரண்டு சரக்கு உண்டு, குழப்பிக்கக் கூடாது. ஒன்று வசிப்பு உரிமை: கோல்டன் விசா. போர்ச்சுகல், துபாய் எல்லாம் இந்த வகை. இன்னொன்று நேரடியாகப் பாஸ்போர்ட்: கரீபியன் தீவான செயின்ட் கிட்ஸ் 1984-இல் இதை ஆரம்பித்து வைத்தது.

இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொள்வதில்லை. வசிப்பு விசா வாங்கினால் இந்தியக் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகாது. வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டை நீங்களாகப் போய் வாங்கினால் அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பிறகு ஓசிஐ அட்டை எடுக்கலாம். அதில் ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பணம் வெளியே அனுப்பவும் வரம்பு உண்டு: ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருத்தர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர். 2022-இல் மட்டும் 2,25,620 பேர் இந்தியக் குடியுரிமையை விட்டார்கள். இதில் பெரும்பகுதி வேலைக்குப் போய் அங்கேயே வாழ்பவர்கள். வில்லா வாங்கியவர்கள் இல்லை.

விற்கிற நாடும் விதியை மாற்றும். போர்ச்சுகல் 2023-இல் வீடு வாங்கி விசா பெறும் வழியை மூடியது. குடியுரிமைக்கு எத்தனை வருடம் காத்திருக்கணும் என்பதையே மாற்றும் விவாதம் 2025-இல் அதன் நாடாளுமன்றத்தில் நடந்தது. பசிபிக் தீவான வனுவாட்டு பாஸ்போர்ட் விற்றது; ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் அந்தப் பாஸ்போர்ட்டுக்கு இருந்த விசா விலக்கையே எடுத்துவிட்டது. மால்ட்டாவின் திட்டத்தை 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. புத்தகம் கையில் இருக்கும். அதை மதிக்கிறவர் மனம் மாறினால் அது 1658-க்குப் பிந்தைய போர்ச்சுகல் பாதுகாப்பு மாதிரிதான்.

கடைசியாக ஒன்று. 1961 டிசம்பர் 19-க்கு முன்பு கோவாவில் பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்றைக்கும் போர்ச்சுகல் குடியுரிமை கேட்கலாம். பலர் வாங்கியும் இருக்கிறார்கள். பெரியதாழை ஃபெர்னாண்டோவுக்கு அந்த உரிமை இல்லை. கோவா போர்ச்சுகலின் நிலம். முத்துக்குளித்துறையிலோ அவர்கள் முத்தை வாங்கினார்கள், ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பெயர் வைத்தார்கள், ஆனால் அது அவர்கள் நாடாக ஆகவே இல்லை. ராணிக்குச் செருப்பு வாங்கிக்கொடுத்த ஊர்க்காரர் இன்றைக்கு லிஸ்பன் போகணும்னா, நம்மை மாதிரியே, விசா வரிசையில்தான் நிற்கணும்.

அடுத்த முறை அந்த ரீல் வந்தால் கேட்க வேண்டிய கேள்விகளை இந்தக் கடற்கரை ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறது. வருடா வருடம் என்ன கட்டணும்? குதிரைப்படை வரும் நாளில் கேப்டன் எங்கே இருப்பார்? நம்ம வீட்டில் யார் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை? அந்த ராஜா தோற்றால் நம்ம கையில் என்ன மிஞ்சும்?

பெரியதாழைப் பக்கம் போனால் கரையில் கொஞ்ச நேரம் உட்காருங்க. வடக்கே மணப்பாடு. தெற்கே, 20 தோணி போய்ச் சேர முடியாத குமரிப் பாறை. நடுவில் இந்த ஊர், நாலு ராஜாங்கம் மாறியும் இங்கேயேதான் இருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.